நூற்றிருபது கிலோமீட்டர் காற்று

ஜூலை 19

அன்புள்ள அப்பாவுக்கு,

வந்து சேர்ந்து பதினெட்டு நாள் ஆகிறது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் கழுத்து வலியும், என்னை இவ்வளவு தூரம் அனுப்பியதற்காக உங்கள் மேல் அம்மாவுக்கு இருந்த கோபமும் கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று அம்மா கேட்டாள். போனில் எங்கே பேசுகிறோம்? சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு முடிந்துவிடுகிறது. அது போக, கிரேன் கேபினுக்குள் போன் கூடாது, காகிதம் கூடும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஒரு கப்பல் போய் அடுத்த கப்பல் வரும்வரை அந்த உயரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

அறை பரவாயில்லை. கீழே துணி துவைத்துக் கொடுக்கும் கடை. காலை ஏழு மணிக்கு அவர்கள் மெஷினைப் போட்டால் என் கட்டில் நடக்க ஆரம்பிக்கும். எழுப்பிவிட ஆள் வேண்டியதில்லை.

ஆபீஸ் பதினோராவது மாடி. முதல் நாள் உள்ளே நுழைந்ததும், தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். நிதிக் கம்பெனி என்றால் ஆளாளுக்குப் போனில் கத்திக்கொண்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். இங்கே நூலகம் போல அமைதி. சுவர் முழுக்க ஒரு திரை. அதில் பங்கு விலை இல்லை, கடல் இருக்கிறது. உலகத்துக் கடல் எல்லாம் நீலமாகப் பரந்து கிடக்க, காற்று வெள்ளை மயிரிழைகளாக அதன்மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கையில் இருந்த பையைக்கூட இறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த ஒருவர், "முதல் வாரம் எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. ரெண்டாவது வாரம் நாற்காலி ஞாபகம் வந்துடும்" என்றார். அவர் எங்கள் பிரிவின் வானிலை விஞ்ஞானி. வானிலைக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். வானம் பளிச்சென்று இருந்தாலும் குடை இல்லாமல் வரமாட்டார். தன் கணிப்பின்மேல் அவருக்கே அவ்வளவு நம்பிக்கை.

இந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்டீர்களே. காப்பீட்டுக் கம்பெனிகளுக்கே காப்பீடு கொடுக்கிறது. பூட்டுக்குப் பூட்டா என்று சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். ஒரு வீடு எரிந்தால் ஒரு கம்பெனியால் கொடுக்க முடியும். ஒரே புயலில் ஒரு கரையே போனால் அந்தக் கம்பெனியும் சேர்ந்து போய்விடும். அதனால் அந்தச் சுமையை இங்கே வாங்கி, துண்டு துண்டாக்கி, உலகம் முழுக்கப் பகிர்ந்து கொடுத்துவிடுகிறார்கள். எங்கோ ஓர் ஊரில் ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காகச் சேர்த்து வைத்த நிதியில் ஒரு மெல்லிய துண்டு, இன்னொரு கண்டத்து மீனவரின் படகுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. இருவருக்கும் இது தெரியாது. சிறு துளி பெருவெள்ளம் என்பார்கள். இங்கே பெருவெள்ளத்தைச் சிறு துளிகளாகப் பிரிக்கிறார்கள்.

இன்னொன்று சொல்கிறேன், நம்புவீர்களா தெரியவில்லை. எங்கள் கணினியில் ஒரு லட்சம் வருடப் புயல்கள் இருக்கின்றன. ஒன்றுகூட நடந்தது இல்லை, நடந்திருக்கக் கூடியவை. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, பாதை உண்டு, கரையேறும் இடம் உண்டு. அவை ஒழுங்காக நடந்துகொள்கின்றனவா என்று பார்ப்பதுதான் இப்போதைக்கு என் வேலை. நேற்று ஒரு புயல் மலைத்தொடர் மேல் ஏறி இறங்கி மறுபக்கம் அப்படியே போய்க்கொண்டிருந்தது. பிடித்துக் கொடுத்தேன். எங்கள் பிரிவுத் தலைவி, "இதைக் கண்டுபிடிக்க ஏன் நமக்கு ரெண்டு வருஷம் ஆச்சு?" என்று கேட்டார். அவர் எதையும் ஆணையாகவோ பாராட்டாகவோ சொல்வதில்லை, எல்லாம் கேள்விதான். அவர் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் கேள்விக்குறி என்கிறார்கள். அவருக்கும் தெரியும். "அது என்ன கெட்ட வார்த்தையா?" என்று கேட்டாராம்.

என்னிடம் ஒரு சின்ன ஒப்பந்தத்தையும் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம், அறுபத்து மூன்று படகுகள். உடைந்த படகை யாரும் போய்ப் பார்த்து மதிப்புப் போடுவது இல்லை. அந்தத் துறைமுகத்தில் ஒரு கம்பத்தின்மேல் காற்றுமானி இருக்கிறது. காற்றின் பத்து நிமிடச் சராசரி மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டரைத் தொட்டால் போதும், பதினைந்து நாளுக்குள் முழுப் பணமும் போய்விடும். நூற்றுப் பத்தொன்பது என்றால் ஒன்றும் இல்லை. எவ்வளவு எளிது, எவ்வளவு இரக்கமற்றது என்று இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றியது.

இந்தப் பயிற்சி வருடம் முடிந்து நான் கல்லூரிக்குத் திரும்பும்போது எப்படிப் போய்ப் பழைய பெஞ்சில் உட்காரப் போகிறேனோ. கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க மறக்காதீர்கள்.

உங்கள் அன்பு மகள்.

நவம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வெள்ளிக்கிழமை அம்மாவிடம் போனில், இங்கே சும்மா வேலை அதிகம், அதனால்தான் குரல் கம்மியிருக்கிறது என்று சொன்னேன். அது பொய்.

வெள்ளிக்கிழமை காலை சுவர்த்திரையில் ஒரு வெள்ளைச் சுழி தெரிந்தது. வானிலைக்காரர் அது போகக்கூடிய பாதைகளைக் கோடு கோடாகப் போட்டார். விசிறி விரித்தது போல ஐம்பது கோடுகள். அதில் பதினேழு கோடுகள் நம் துறைமுகத்தின் மேல் போயின. எண்ணிப் பார்த்தேன். நான்கு மாதமாக நடக்காத புயல்களோடு பழகியவள் நான். எத்தனையோ புயல்களை எத்தனையோ ஊர்களுக்கு அனுப்பி, சேதம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அன்று முதல் முறையாக, கோட்டுக்கு அடியில் உங்கள் கிரேனும் அம்மாவின் மருந்துக் கடையும் தெரிந்தன. அம்மாவிடம் கேட்டபோது, நீங்கள் கிரேனைத் தரையோடு பிணைத்துப் பூட்டுவதற்காகப் போயிருக்கிறீர்கள் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். கேள்விக்குறி என் பக்கத்தில் வந்து நின்று, "உன் ஊர் எது?" என்று கேட்டார். விரலால் காட்டினேன். அவர் வானிலைக்காரரிடம் போய், மறு கணிப்பு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை மதியம் கோடுகள் எல்லாம் மெல்ல வடக்கே சாய்ந்தன. பதினேழு ஐந்தாயிற்று. மாலைக்குள் ஒன்றும் இல்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கடவுளுக்கு நன்றி சொன்னேன். முகம் கழுவி வெளியே வந்து பார்த்தால், ஐம்பது கோடுகளும் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. அந்த அறுபத்து மூன்று படகுகளின் துறைமுகம். நன்றி சொன்ன வாய் அப்படியே உலர்ந்துவிட்டது, அப்பா. நம் வீட்டைத் தாண்டிப் போனது காற்றில் கரைந்து போய்விடவில்லை. இன்னொருவர் வீட்டுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆனால் பிரிவில் எல்லாரும் வந்திருந்தார்கள். யாரும் வரச்சொல்லவில்லை. புயல் பகல் வேளையில்தான் கரையேறியது. அந்தத் துறைமுகத்துக் காற்றுமானியின் எண்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் வந்துகொண்டிருந்தன. எண்பத்தாறு. தொண்ணூற்று நான்கு. நூற்று மூன்று. காற்று என்று நாம் சொல்வது இலையை அசைப்பது, துணியைக் காய வைப்பது. இது வேறு. கடலே எழுந்து நிற்க முயல்வது போல அந்த வெள்ளைச் சுழி மெதுவாக, அவசரமே இல்லாமல், கரைமேல் ஏறியது. வானிலைக்காரர் இருபது வருடமாகப் புயல் பார்க்கிறவர், அவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று நாற்பதுக்கு நூற்றுப் பன்னிரண்டு வந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மூன்று ஐம்பது, வெற்றிடம். நான்கு மணி, வெற்றிடம். கம்பம் முறிந்துவிட்டது என்று மறுநாள் தெரிந்தது.

சேதி என்னவென்றால், உயிர்ச் சேதம் இல்லை. எல்லாரையும் முன்கூட்டியே உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். படகுகளைக் கரையில் இழுத்து வைத்திருந்தார்களாம். அவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கொட்டிய தீக்குச்சிகள் போலக் கிடக்கும் படத்தைப் பார்த்தேன். ஆனால் ஒப்பந்தத்தில் படகு இல்லை, எண்தான் இருக்கிறது. கடைசி எண் நூற்றுப் பன்னிரண்டு. காற்றுமானி செயலிழந்தால் அடுத்த வானிலை நிலையத்தின் எண்ணை எடுக்க வேண்டும். அது எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே எண்பத்தெட்டு.

இன்று எங்கள் கூட்டத்தில் சங்கத்தின் செயலாளர் போனில் வந்தார். ஒரு பெண்மணி. அழவில்லை, கத்தவில்லை. "காத்து அடிச்சது எங்களுக்குத் தெரியும் மேடம். உங்க மெஷினுக்குத்தான் தெரியல. அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்றார். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன், பேனா அந்த வரியிலேயே நின்றுவிட்டது. முடிவை எழுதிக் கொடுக்க ஒன்பது நாள் இருக்கிறது. நாளைக்கு மறுபடியும் கூட்டம்.

நீங்கள் பத்திரமாக இருப்பதை நினைத்து மகிழ்ச்சி அடையக்கூட கூச்சமாக இருக்கிறது.

உங்கள் மகள்.

நவம்பர் 15

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. நீ அனுப்பியிருப்பதாக அம்மா சொன்னாள். அதற்குள் நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் நீ போன் செய்தாய். உடம்புக்கு என்னவோ என்று கையில் இருந்த டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டேன். நீ கேட்டது, கிரேன் உச்சியில் காற்றுமானி இருக்குமா, கரண்ட் போனால் என்ன ஆகும் என்று. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெற்ற மகள் நாலு மாதத்தில் முதல் முறையாக வேலை நேரத்தில் கூப்பிட்டால் வேறு என்னவாவது கேட்பாள் என்று நினைப்பேனா?

அவசரத்தில் சரியாகச் சொன்னேனோ இல்லையோ, அதனால் எழுதியும் அனுப்புகிறேன். கப்பலில் கன்டெய்னர் ஏற்றும் எந்தக் கிரேனுக்கும் உச்சியில் காற்றுமானி உண்டு. காற்று அதிகமானால் கேபினில் மணி அடிக்கும், அப்போது வேலையை நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். அதற்குத் தனி பேட்டரி. கிரேனைப் பூட்டி, கரண்டை நிறுத்தி, நாங்கள் எல்லாரும் வீட்டுக்குப் போனாலும் அது பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வைப்பார்கள். கம்பம் முறியலாம். கிரேன் ஆயிரம் டன், அவ்வளவு சுலபத்தில் விழாது.

போனை வைத்த பிறகு ஒன்று செய்தேன். என் வேலை குனிந்து பார்க்கும் வேலை. கண்ணாடித் தரை வழியாகக் கீழே கன்டெய்னரைப் பார்த்துக்கொண்டே இருபத்தாறு வருடம் போய்விட்டது. தலைக்கு மேலே காற்றுமானியின் மூன்று கிண்ணமும் சுற்றிக்கொண்டிருப்பதை ஒரு நாளும் நின்று பார்த்தது கிடையாது. நேற்றுப் பார்த்தேன். சின்னக் கிண்ணம்தான், டீ கிளாஸ் அளவு. காற்றே இல்லாதது போல இருந்த மதியத்தில்கூட நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

எதற்குக் கேட்டாய் என்று சொல்லாமல் வைத்துவிட்டாய். நல்ல காரியமாகத்தான் இருக்கும். பயப்படாமல் செய்.

அப்பா.

நவம்பர் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இப்போது முழுதும் எழுதலாம், எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் நான் பேச வேண்டியவளே இல்லை. ஓரத்தில் உட்கார்ந்து எழுத வேண்டியவள். வழக்கறிஞர் ஒப்பந்தத்தைச் சத்தமாகப் படித்தார். காற்றுமானி செயலிழந்தால், அதே துறைமுக எல்லைக்குள் முறையாகச் சோதிக்கப்பட்ட வேறு கருவி இருந்தால் அதன் பதிவு செல்லும், இல்லாவிட்டால் அடுத்த நிலையம். "வேறு கருவி இல்லை, ஆகவே" என்று அவர் அடுத்த வரிக்குப் போனார். எனக்கு உங்கள் கேபினில் அடிக்கும் மணி நினைவுக்கு வந்தது. காற்று வந்ததும் மணி அடித்தது, அதனால்தான் சீக்கிரம் வந்துவிட்டேன் என்று எத்தனை மாலை சொல்லியிருக்கிறீர்கள். மணி அடிக்க வேண்டுமானால் அதற்குக் காற்று தெரிய வேண்டுமே.

கை தூக்கினேன். குரல் எனக்கே கேட்கவில்லை. எங்கப்பா கிரேன் ஓட்டுறாரு என்று ஆரம்பித்தேன். வழக்கறிஞர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். ஒரு நிமிடம் பயமாகத்தான் இருந்தது. பணம் கொடுக்க வேண்டியது நம் கம்பெனி. கொடுக்காமல் இருக்க வழி இருக்கும்போது, கொடுப்பதற்கு வழி கண்டுபிடிக்கும் பயிற்சி மாணவியை யார் வைத்துக்கொள்வார்கள்? நான் சொல்லி முடித்ததும் கேள்விக்குறி எழுந்து நின்றார். "அந்தத் துறைமுகத்துல எத்தனை கிரேன் இருக்கு?" என்றார். அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

ஒரே ஒரு பெரிய கிரேன். லிப்ட் பழுதாகியிருந்தது. துறைமுகப் பொறியாளர் ஏணி வழியாக உச்சிவரை ஏறி, அந்தப் பதிவுப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். உள்ளே அந்த வருடம் முழுவதும் அடித்த காற்று இருந்தது. கம்பம் முறிந்த பிறகும் நிற்கவே இல்லை. நான்கு இருபதுக்கு நூற்று நாற்பத்தொன்பது.

ஆனால் அதை அப்படியே எடுக்க முடியாது. கம்பம் பத்து மீட்டர், கிரேன் உச்சி ஐம்பது மீட்டர். மேலே போகப்போகக் காற்று அதிகம், உங்களுக்குத் தெரியாததா. எவ்வளவு கழிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகக் கழித்தால் நூற்றிருபதுக்குக் கீழே இறங்கிவிடும். புத்தகத்தில் சூத்திரங்கள் உண்டு, ஆளுக்கொன்று சொல்லும். இரண்டு நாள் குழம்பிக் கிடந்தேன். மூன்றாம் நாள் கட்டில் நடக்க ஆரம்பித்த நேரத்தில் தோன்றியது. கம்பம் முறிவதற்கு முன்னால் ஆறு மணி நேரம் இரண்டு கருவிகளும் ஒரே காற்றைத்தான் அளந்திருக்கின்றன. மூன்று நாற்பதுக்குக் கம்பத்தில் நூற்றுப் பன்னிரண்டு, கிரேனில் நூற்று முப்பத்தாறு. சூத்திரம் எதற்கு, அந்தத் துறைமுகமே விகிதத்தைச் சொல்லிவிட்டதே.

கேள்விக்குறி என்னையும் வானிலைக்காரரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்தார். ஒருவர் கணக்கை ஒருவர் பார்க்கக் கூடாது. ஒரு முழு நாள். மாலையில் இருவரும் ஆளுக்கொரு காகிதத்தைக் கவிழ்த்து அவர் மேசைமேல் வைத்தோம். அவர் வானிலைக்காரருடையதை முதலில் திருப்பினார். நூற்றிருபத்திரண்டு. பிறகு என்னுடையது. நூற்றிருபத்து மூன்று. எவ்வளவு கறாராகக் கழித்தாலும் நூற்றிருபதுக்குக் கீழே போகவில்லை என்பதையும் இருவரும் அடியில் எழுதியிருந்தோம், சொல்லிவைத்தது போல.

வழக்கறிஞர், மறுத்து வாதாட நமக்கு இடம் இருக்கிறது என்றார். அது அவர் கடமை, அவரைக் குறை சொல்ல முடியாது. கேள்விக்குறி அவரைப் பார்த்து, "தெரியாம இருந்தவரைக்கும் கொடுக்க வேண்டியதில்ல. சரி. தெரிஞ்ச பிறகு?" என்றார். அவ்வளவுதான். வழக்கறிஞர் பேனாவைத் திறந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் நம்ப முடியாமல் இருக்கிறது. சுமையைப் பகிர்ந்துகொண்ட எல்லாருக்கும் கடிதம் அனுப்பும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பதினொரு நாடுகள், நாற்பத்தொரு இடங்கள். வாக்குக் கொடுத்தவர்கள் இப்போது காப்பாற்ற வேண்டும். சண்டை வரும் என்று நினைத்தேன். அந்த ஆசிரியர் நிதியில் இருந்து வந்த பதில் ஒரே வரி. கணக்கைப் பார்த்தோம், சரி. அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான வாத்தியார்களின் பணத்தில் இருந்து முடியளவு ஒரு துண்டு கிளம்பி, அவர்கள் பார்த்தே இராத கரைக்குப் போனது. பதினான்காம் நாள் பணம் சேர்ந்துவிட்டது. செயலாளர் போன் செய்தார், நான்தான் எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன். "மெஷினுக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்று மட்டும் கேட்டார். வானிலைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொன்னார்.

அம்மாவிடம் முழுக் கதையையும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் சுருக்கிவிடுவீர்கள் என்று தெரியும், அதனால் கடிதத்தையே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன், மகள்.

மே 27

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்ட வேண்டாம். ஏன் என்று படித்தால் புரியும்.

இன்னும் ஒரு மாதத்தில் என் வருடம் முடிகிறது. போன வாரம் கேள்விக்குறி, "படிப்பு முடிஞ்சதும் வேற எங்கயாவது போறதா உத்தேசமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இடம் போட்டு வைக்கட்டுமா?" என்றார். இப்படித்தான், அப்பா, எனக்கு வேலை கிடைத்தது.

இரண்டு நாள் முன்பு அந்தத் துறைமுகத்துக்குப் போய் வந்தோம். இனிமேல் ஒரு கருவியை மட்டும் நம்பக் கூடாது என்று மூன்று கம்பங்கள் நட்டிருக்கிறார்கள், அவற்றைப் பார்வையிட. செயலாளர் எங்களைக் கரைக்கு அழைத்துப் போனார். குள்ளமான பெண்மணி, நடை மட்டும் ஓட்டம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு நீதானா? போன்ல பெரிய ஆளுன்னு நெனச்சேன்" என்றார். அறுபத்து மூன்றில் ஐம்பத்தொன்று புதிய படகு, மற்றவை பழுது பார்த்தவை. காலையில் கடலுக்குப் போயிருந்தவை வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். ஆபீஸ் திரையில் அறுபத்து மூன்று என்பது இரண்டு இலக்கம். இங்கே அது கண்ணுக்கு எட்டிய தூரம்வரை இருந்தது.

பிறகு, என் வேண்டுகோளின் பேரில், என்னை அந்தக் கிரேன்மேல் ஏற்றினார்கள். பட்டை கட்டி, தலைக்கவசம் போட்டு. சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்டேன், விதிப்படி கூடாது என்றீர்கள். அதன் ஓட்டுநருக்கு உங்கள் வயது இருக்கும். நீங்களும் கிரேன் ஓட்டுகிறவர் என்று சொன்னதும் தன் இருக்கையில் என்னை உட்காரச் சொன்னார். குனிந்து பார்த்தேன். இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒன்றும் இல்லை, கண்ணாடிக்குக் கீழே கப்பல் தளம் உள்ளங்கை அளவில் கிடந்தது. நிமிர்ந்தால் கடல். அவ்வளவு கடலை நான் பார்த்ததே இல்லை. திரையில் பார்த்ததெல்லாம் அதன் கைரேகைகூட இல்லை. காற்று இல்லாத நாள் என்றார்கள், ஆனாலும் கேபின் மூச்சு விடுவது போல அசைந்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிடத்தில் என் கழுத்து வலிக்க ஆரம்பித்தது. நீங்கள் இருபத்தாறு வருடம். இதில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோப்பது போல ஒவ்வொரு பெட்டியாக இறக்கிவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை புயலைப் பார்த்து வாயடைத்து நின்றேன். அந்த இருக்கையில் அதைவிட அதிகமாக வாயடைத்துப் போனேன்.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். நவம்பரில் அந்தப் பதிவுப் பெட்டியைத் திறந்தபோது அதில் வருடம் முழுவதும் இருந்தது என்று சொன்னேன். காற்று மட்டும் இல்லை. கிரேன் எந்த நேரத்தில் எவ்வளவு எடை தூக்கியது என்பதும் இருந்தது. காற்று மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டரைத் தொட்டால் நிறுத்தி இறங்க வேண்டும் என்பது விதி. எழுபத்திரண்டுக்கு மேல் காற்று அடிக்கும்போதே அந்தக் கிரேன் பெட்டி தூக்கிய நாட்கள் பதினொன்று. அன்றைக்கு என் வேலை அது இல்லை என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதினொன்று ஆறு மாதமாக என்னோடுதான் இருக்கிறது. மேலே உட்கார்ந்திருந்தபோது ஓட்டுநரிடம் கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. சிரித்தார். "கப்பல் காத்திருக்கும்போது மணி அடிச்சா, இன்னும் ரெண்டு பெட்டின்னு தோணும். எல்லாரும் கொஞ்சம் தள்ளித்தான் இறங்குவோம். உங்கப்பா மட்டும் என்ன, மணி அடிச்சதும் ஓடி வந்துடுவாரா?" என்றார்.

கீழே ஏணி வழியாகத்தான் இறங்கினேன், லிப்ட் வேண்டாம் என்றேன். காற்று இல்லாத மதியம், பட்டை கட்டியிருக்கிறது, முன்னும் பின்னும் ஆள் இருக்கிறது. இருந்தும் என் கைகள் கம்பியை விடவே இல்லை. ஒவ்வொரு படியிலும் காற்று எழுபத்தெட்டு, எண்பது என்று அடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டேன். வானிலைக்காரர் கீழே இருந்து குடையை ஆட்டினார்.

போன வருடம் நீங்கள் மணி அடித்த பிறகும் மேலே இருந்த நாட்கள் எத்தனை என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சரியான எண்ணை எழுதுங்கள். என் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்த கூடுதல் ஷிப்டுகளையும் சேர்த்து எழுதுங்கள். கோபப்பட மாட்டேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்பதை மறுபடியும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் மணி அடித்தால் கப்பல் நிற்கட்டும். அதில் உள்ள பெட்டிகளும், பெட்டிக்குள் இருக்கும் சரக்கும் நிற்கட்டும். ஒரு வருடமாக இதைத்தான் படித்திருக்கிறேன், எனக்குத் தெரியும். அவை எல்லாவற்றுக்கும் காப்பீடு இருக்கிறது.

இறங்கிவிடுங்கள், அப்பா.

உங்கள் மகள்.